“நல்ல நிலையில் உள்ள துப்பாக்கி!” விளம்பரத்தை நம்பலாமா?

மாட்டுச் சந்தையில் மாடு வாங்குகிறவர் என்ன செய்வார்?

வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு அடி நடக்க விட்டுப் பார்ப்பார். பிறகுதான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்.

அதே மாட்டைக் கண்ணால் பார்க்காமல், யாரோ எழுதிய நாலு வரியை மட்டும் படித்துவிட்டு வாங்குவாரா? மாட்டவே மாட்டார்.

ஆனால், அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகள் பல அப்படித்தான் கை மாறுகின்றன!

“நல்ல நிலையில் உள்ளது. அதிகம் சுடப்படவில்லை. தாத்தா வைத்திருந்தது.” இப்படி ஒரு விளம்பரம். கூடவே நாலு படம். அதைப் பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள்.

மாடு சரியில்லை என்றால் பால் குறையும், பணம் நஷ்டம். துப்பாக்கி சரியில்லை என்றால்? கண் போகலாம். கை போகலாம். உயிரே போகலாம்.

ஆள் தொகையை மிஞ்சிய துப்பாக்கி

அமெரிக்காவில் பொது மக்களிடம் எத்தனை துப்பாக்கிகள் இருக்கின்றன?

ஜெனீவா நகரில் உள்ள சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. 2017-ம் ஆண்டு முடிவில் சுமார் 39 கோடியே 30 லட்சம் என்று அது மதிப்பிட்டது. அப்போது அந்த நாட்டின் மக்கள் தொகை சுமார் 32½ கோடி. அதாவது, ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மீதி இருக்கும்!

இவ்வளவு துப்பாக்கிகள் சேர்ந்தது எப்படி? துப்பாக்கி எளிதில் அழியாத பொருள். எண்ணெய் தடவி, ஈரம் படாமல் வைத்தால் நூறு வருடம் இருக்கும். தாத்தா வாங்கியது பேரன் கைக்கு வரும். பேரனுக்கு வேண்டாம் என்றால் விற்பனைக்கு வரும்.

போர்கள் முடிந்த பிறகு பல நாட்டு ராணுவங்கள் கழித்துக் கட்டிய ரைபிள்களும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. ஜெர்மனி, இத்தாலி, ரஷ்யா, பிரிட்டன் நாட்டுச் சரக்குகள் வந்தன. இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த ரைபிள்களும் போயின.

தபாலில் வந்த துப்பாக்கி

ஒரு காலத்தில் அமெரிக்காவில் துப்பாக்கி தபாலிலேயே வரும். பத்திரிகையில் விளம்பரம் இருக்கும். சீட்டைக் கத்தரித்து, பணத்தோடு அனுப்பினால் போதும்.

1963-ம் ஆண்டு மார்ச் மாதம் லீ ஹார்வி ஆஸ்வால்டு என்ற ஆள் அப்படி ஒரு சீட்டை அனுப்பினான். கொடுத்தது பொய்ப் பெயர். சிகாகோ கடையிலிருந்து அவனுக்கு ஒரு ரைபிள் வந்தது. அது இத்தாலிய ராணுவம் கழித்த பழைய ரைபிள். தொலைநோக்குக் கண்ணாடியுடன் விலை 19 டாலர் 95 சென்ட். அனுப்பும் செலவையும் சேர்த்து 21 டாலர் 45 சென்ட்.

அதே ஆண்டு நவம்பர் 22-ந் தேதி டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது அந்த ரைபிள்தான் என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. உலகமே திடுக்கிட்டது.

1968-ல் புதுச் சட்டம் வந்தது. தபாலில் துப்பாக்கி வாங்கும் பழக்கத்துக்கு அது முடிவு கட்டியது. இப்போது ஒரு மாநிலத்துக்காரர் வேறு மாநிலத்துக்காரருக்கு விற்றால், லைசென்சு உள்ள வியாபாரி மூலமாகத்தான் கை மாற வேண்டும். வியாபாரி, வாங்குகிறவரைப் பற்றிச் சர்க்கார் பதிவுகளில் விசாரிப்பார். குற்றவாளி என்று தெரிந்தால் கொடுக்க மாட்டார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. சட்டம் வாங்குகிறவரின் யோக்கியதையைப் பார்க்கிறது. துப்பாக்கியின் யோக்கியதையைப் பார்ப்பதில்லை!

1972-ல் அமெரிக்காவில் பொருள்களின் பாதுகாப்புக்காக ஒரு சட்டம் செய்தார்கள். பொம்மை, அடுப்பு, ஏணி எல்லாம் அதில் அடங்கும். துப்பாக்கி அடங்காது. அதை விலக்கி விட்டார்கள்.

பிரிட்டனில் அப்படி இல்லை. லண்டனிலும் பர்மிங்காமிலும் துப்பாக்கிக் குழல்களைச் சோதிக்கும் சாலைகள் இருக்கின்றன. வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை குத்துவார்கள். முத்திரை செல்லாத துப்பாக்கியை விற்பது குற்றம். பழைய துப்பாக்கிக்கும் அதே சட்டம்தான்.

அமெரிக்காவில் அப்படிச் சர்க்கார் முத்திரை இல்லை. ஆகவே, வாங்குகிறவருக்கு இருக்கும் ஆதாரம் பெரும்பாலும் விற்கிறவரின் வார்த்தைதான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

“நல்லது” என்றால் நல்லதா?

அமெரிக்காவில் தேசிய ரைபிள் சங்கம் என்று ஒரு பெரிய சங்கம் உண்டு. 1871-ல் ஏற்பட்டது. பழைய துப்பாக்கிகளின் நிலைமையைச் சொல்ல அந்தச் சங்கம் ஒரு படி வரிசை வகுத்தது. இக்காலத் துப்பாக்கிகளுக்கு ஆறு படிகள்:

புதியது: கடையிலிருந்து இன்னும் யாரும் வாங்காதது.

குறையற்றது: எல்லா வகையிலும் புதிது போலவே இருப்பது.

மிகச் சிறந்தது: கொஞ்சமே பயன்பட்டது. மரத்திலும் இரும்பிலும் கண்ணில் படும் வடு இல்லை.

மிக நல்லது: வேலை செய்வதில் குறை இல்லை. துரு இல்லை. மேலே சிறு கீறல் இருக்கலாம்.

நல்லது: பத்திரமாகச் சுடலாம். உரசும் பாகங்களில் சிறிது தேய்மானம் உண்டு. வேலையைக் கெடுக்கும் துரு இல்லை.

சுமார்: பத்திரமானதுதான், ஆனால் நன்றாகத் தேய்ந்தது. சில பாகங்களை மாற்ற வேண்டி வரலாம். துரு அரித்த பள்ளங்கள் இருக்கலாம்.

பார்த்தீர்களா? “நல்லது” என்பது மேலிருந்து ஐந்தாவது படி! கடைசிக்கு முந்திய படி! விவரம் தெரியாதவர் “நல்லது” என்று படித்துச் சந்தோஷப்படுவார். விவரம் தெரிந்தவர் தேய்மானத்தைத் தேடுவார்.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பழங்காலத் துப்பாக்கிகளுக்குத் தனி வரிசை இருக்கிறது. அதிலும் “நல்லது” என்ற படி உண்டு. ஆனால் அர்த்தம் வேறு. அங்கே “நல்லது” என்றால், மேலே லேசாகத் துரு அரித்திருக்கலாம். மீண்டும் மெருகு போட்டிருக்கலாம். மரம் விரிந்து, ஒட்டியிருக்கலாம்.

ஒரே சொல். இரண்டு அர்த்தம். விற்கிறவர் ஒன்றை நினைத்து எழுதுகிறார். வாங்குகிறவர் வேறொன்றை நினைத்துப் படிக்கிறார். பொய்யே சொல்லாமல் ஏமாற்றம் நடந்து விடுகிறது!

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து

சிலர் சொல்லில் எழுதாமல் எண்ணில் எழுதுவார்கள். “95 சதவீதம்” என்பார்கள்.

இதைப் படிக்கிறவர், “துப்பாக்கியின் ஆயுளில் 95 பங்கு மீதி இருக்கிறது” என்று நினைத்து விடுவார். அது தவறு.

துப்பாக்கியின் இரும்புக்குத் தொழிற்சாலையில் நீல மெருகு ஏற்றுவார்கள். அழகுக்காகவும், துருவைத் தடுக்கவும் அந்த மெருகு. அதில் எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதைத்தான் இந்தச் சதவீதம் சொல்கிறது. உள்ளே குழல் எப்படி இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

மேல் சட்டை வெள்ளையாக இருப்பதால் உள்ளே இருக்கும் உடம்பில் நோய் இல்லை என்று சொல்ல முடியுமா?

பளபளப்பு ஜாக்கிரதை!

பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசினால் புதிது போல் மின்னும். பழைய துப்பாக்கிக்கும் அப்படி மறு மெருகு ஏற்றலாம்.

ஆனால் பழம் பொருள் சேர்ப்பவர்கள் மறு மெருகை விரும்ப மாட்டார்கள். தேய்ந்து போனாலும் தொழிற்சாலையில் ஏற்றிய அசல் மெருகே அவர்களுக்கு வேண்டும். மறு மெருகு என்று தெரிந்தால் விலை மடமடவென்று இறங்கும்.

அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மறு மெருகு ஏற்றும் முன் இரும்பைத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் கூர்மையான ஓரங்கள் மழுங்கும். பொறித்த எழுத்துகள் மங்கும். திருகாணித் துளைகளின் விளிம்பு குழியும். துருப் பள்ளத்தின் மேலேயே மெருகு ஏறியிருந்தால், சந்தேகமே வேண்டாம்.

வீட்டுப் பெண்கள் ஏமாறுவதும் இங்கேதான். கணவர் இறந்து போவார். அலமாரியில் அவருடைய பழைய துப்பாக்கிகள் இருக்கும். “சுத்தமாக இருந்தால் நல்ல விலை வரும்” என்று நினைத்து, உப்புத் தாளால் தேய்த்து விடுவார்கள். தேய்த்தது துருவை மட்டும் அல்ல, விலையில் பாதியையும்!

வேறொரு தந்திரமும் உண்டு. அந்தப் பெண்ணிடம் வாங்கும்போது, “இது சுமார்தான் அம்மா” என்று உதட்டைப் பிதுக்குவார் வியாபாரி. அதையே மறு நாள் விற்கும்போது “மிக நல்லது” என்று எழுதுவார். ஒரே இரவில் துப்பாக்கி இரண்டு படி ஏறி விடும்! விற்கும் முன் சம்பந்தமில்லாத வேறு ஒருவரிடம் காட்டி மதிப்புக் கேட்டுக் கொண்டால் இந்த நஷ்டம் வராது.

எண் ஒன்று, பாகம் பல

“எல்லா எண்களும் ஒத்துப் போகின்றன” என்று சில விளம்பரங்களில் இருக்கும்.

ஜெர்மன் ராணுவத்தின் லூகர் கைத்துப்பாக்கியில் பெரிய பாகங்களிலும் சிறிய பாகங்களிலும் வரிசை எண் பொறித்திருப்பார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால், தொழிற்சாலையில் ஒன்று சேர்ந்த பாகங்கள் இன்றும் பிரியாமல் இருக்கின்றன என்று அர்த்தம். அதற்கு விலை அதிகம்.

இரண்டாம் உலகப் போரில் ரஷ்யர்கள் ஏராளமான ஜெர்மன் மவுசர் ரைபிள்களைக் கைப்பற்றினார்கள். அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, கைக்குக் கிடைத்த பாகங்களைப் போட்டு மீண்டும் பூட்டினார்கள். சிலவற்றில் பழைய எண்ணுக்குப் பதிலாகப் புது எண்ணைப் பொறித்தார்கள். ஆகவே எண்கள் ஒத்துப் போகும். ஆனால் பாகங்கள் ஒரு தாய் பிள்ளைகள் அல்ல!

எண்ணைப் படித்தால் மட்டும் போதாது. எண் எந்தக் காலத்தில், எந்த முறையில் பொறிக்கப்பட்டது என்றும் பார்க்க வேண்டும்.

குழலுக்குள் இருக்கும் ரகசியம்

ரைபிள் குழலுக்குள் திருகு வரிகள் இருக்கும். குண்டைச் சுழல வைத்து நேராக அனுப்புவது அந்த வரிகள்தான். அவை தேய்ந்தால் குறி தவறும்.

பழைய ராணுவத் தோட்டாக்களில் நெருப்பு உண்டாக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பு கலந்திருக்கும். சுட்ட பிறகு அது வேறு ஓர் உப்பாக மாறிக் குழலுக்குள் படியும். சமையல் உப்பு மழைக் காலத்தில் கசிவது போல, அந்த உப்பும் காற்றின் ஈரத்தை இழுக்கும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும். சோம்பல் பட்டால் துரு பிடிக்கும்.

“குழல் இருண்டது, வரிகள் பலமாக உள்ளன” என்று விளம்பரத்தில் வரும். இருண்டது என்றால் துரு தின்ற வடு இருக்கிறது என்று அர்த்தம். அதை ஒப்புக் கொண்டு எழுதுகிறவரை ஓரளவு நம்பலாம். குழலைப் பற்றி ஒரு வார்த்தை கூட எழுதாதவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

எல்லாம் சரியாக எழுதியிருந்தாலும் சில ஆபத்துகள் விளம்பரத்தில் வராது. அமெரிக்க ராணுவத்தின் 1903-ம் வருட மாதிரி ஸ்பிரிங்பீல்டு ரைபிளின் கதை இதற்குச் சாட்சி.

1917-ல் அந்த ரைபிள்களில் சில, சுடும்போது வெடித்துச் சிதறின. காரணம் என்ன என்று ஆராய்ந்தார்கள்.

தொழிற்சாலையில் இரும்பைக் காய்ச்சும்போது அதன் நிறத்தைப் பார்த்துச் சூட்டைக் கணக்கிட்டு வந்தார்கள். பழகிய தொழிலாளிகள்தான். ஆனால் வெயில் அடிக்கிற நாளில் நிறம் மங்கலாகத் தெரியும். “இன்னும் சூடு வேண்டும்” என்று அதிகமாகக் காய்ச்சி விடுவார்கள். அதனால் இரும்பு மண் சட்டி போல் நொறுங்கும் தன்மை அடைந்தது. அனுபவசாலியின் கண்ணே ஏமாந்து விட்டது!

பிறகு சூட்டை அளக்கும் கருவி வைத்தார்கள், முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்பீல்டு தொழிற்சாலையில் சுமார் 8 லட்சத்துக்குக் கீழ்ப்பட்ட எண் உள்ளவை பழைய முறையில் செய்தவை. ராக் ஐலண்டு தொழிற்சாலையில் 2,85,507-க்குக் கீழ்ப்பட்டவை. இவற்றைச் சுட வேண்டாம் என்று நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ரைபிள் ஒன்று பெட்டியிலேயே இருந்திருக்கலாம். கீறல் இல்லாமல், மெருகு குலையாமல் இருக்கலாம். விளம்பரத்தில் “மிகச் சிறந்தது” என்று எழுதினால் அது பொய் அல்ல. ஆனால் உள்ளே இருக்கும் இரும்பு நொறுங்கும் இரும்பு. அங்கே காப்பாற்றுவது வர்ணனை அல்ல, வரிசை எண்!

பிரிட்டிஷ் வழி வந்த ரைபிள்கள் சிலவற்றில் “டி.பி.” என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று அர்த்தம். தோளில் வைத்து நடக்கலாம். தோட்டா போட்டுச் சுடக் கூடாது. அந்த எழுத்துகள் விளம்பரப் படத்தில் விழாமல் போனால் என்ன ஆகும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்துக் குழல் செய்தார்கள். அதில் அலை அலையாகக் கோலம் தெரியும். பார்க்க வெகு அழகு. அது பழைய கரி மருந்துக்குச் செய்த குழல். இக்காலத் தோட்டாவின் வேகத்தை அது தாங்கும் என்று நம்பிச் சுடுவது விபரீதம்.

எழுதாத வரியைப் படியுங்கள்

அமெரிக்க விளம்பரங்களில் அடிக்கடி வரும் சில வாசகங்களுக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் அர்த்தம் இது:

“நான் நிபுணன் அல்ல.” குறை இருந்தால் என்னைக் கேட்காதே.

“படமே பேசும்.” நான் பேச விரும்பவில்லை.

“சுட்டுப் பார்க்கவில்லை.” உண்மையாகவும் இருக்கலாம், சுட்டபோது கண்ட கோளாறை மறைப்பதாகவும் இருக்கலாம்.

“வயதுக்கு ஏற்ற நிலை.” இது எதையும் சொல்லவில்லை.

எல்லா விற்பனையாளரும் எத்தர்கள் அல்ல. பலருக்குத் தங்கள் கையில் இருப்பது என்னவென்றே தெரியாது. ஆனால் தெரியாமல் சொன்ன பொய்யும் துப்பாக்கியை வெடிக்க வைக்கும்.

ஆகவே வாங்குகிறவர் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். குழலின் உட்புறம் எப்படி இருக்கிறது? வரிசை எண் என்ன? மறு மெருகு ஏற்றியதா? எந்தப் பாகம் மாற்றப்பட்டது? மரத்தில் வெடிப்பு உண்டா? நேர்மையானவர் பதில் சொல்வார். சொல்லாவிட்டால் அதுவே ஒரு பதில்!

மூன்று நாள் தவணை கொடுக்கும் வழக்கமும் அங்கே பலரிடம் உண்டு. சரக்கு வந்த பிறகு மூன்று நாள் வைத்துப் பார்க்கலாம், சுடக் கூடாது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். இந்தத் தவணையை முன்னதாகவே எழுத்தில் வாங்கிக் கொள்வது புத்திசாலித்தனம்.

கடைசியாக ஒன்று. பழைய துப்பாக்கியைச் சுடும் முன் துப்பாக்கித் தொழில் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். தோட்டா உட்காரும் இடத்தில் அளவுக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்று அவர் அளவுக் கட்டை வைத்துப் பார்ப்பார். இடைவெளி அதிகமானால் தோட்டா பிளந்து, எரியும் வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கிப் பாயும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவைப் பார்த்தால் கண்ணின் விலை பெரிது!

இங்கே எப்படி?

இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். விளம்பரத்தைப் பார்த்து நினைத்தவர் எல்லாம் வாங்கிவிட முடியாது.

ஆனாலும், “நல்ல நிலையில் உள்ளது” என்ற வாசகம் இங்கேயும் உண்டு. பழைய சைக்கிள், பழைய மோட்டார், பழைய மின்சார விசிறி எல்லாவற்றுக்கும் அதே வாசகம்தான். யார் பார்த்து, எதைப் பார்த்து, எந்த அளவுகோலால் “நல்லது” என்று சொன்னார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டவர் பணம் தப்பும். துப்பாக்கி விஷயத்தில் உயிரும் தப்பும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அப்படிச் சொல்லவில்லை!